வாங்கப் போகிறவருக்காக வீட்டைப் புதுப்பிக்காதீர்கள்

கேட்டவருக்கு வயது 58. சென்னையில் வங்கி வேலை, இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு. தஞ்சாவூர் மாவட்டப் பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவருடைய அப்பா 1961-இல் வாங்கிய, முற்றம் வைத்த ஓட்டு வீடு இருக்கிறது. அப்பா காலமாகிவிட்டார், அம்மா மட்டும் அங்கே இருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு கணவனும் மனைவியும் அங்கேயே போய் இருந்துவிடுவதாக முடிவு. கையில் 18 லட்சம். கேள்வி இதுதான்: "ஓட்டு வீட்டில் 18 லட்சத்தைப் போட்டால் விற்கும்போது இரண்டு லட்சம்கூடத் திரும்பாது, இடித்துவிட்டுக் கீழே ஒன்று மேலே ஒன்று என்று கட்டு, வாடகையும் வரும் விலையும் ஏறும் என்கிறார் மச்சான். மனைவிக்கு முற்றமும் ஊஞ்சலும் சிவப்புத் தரையும் வேண்டும். நான் யார் பேச்சைக் கேட்பது?"

மனைவி பேச்சை. ஆனால் அவர் கேட்கும் வரிசையில் இல்லை. அது ஏன் என்றுதான் இந்த நீளமான பதில். நான் கட்டடப் பொறியாளர்; கும்பகோணம், பாபநாசம், திருவையாறு வட்டாரத்தில் 28 வருஷமாக வேலை. அதில் பாதிக்கு மேல் இந்த மாதிரிப் பழைய வீடுகள்தான்.

மச்சான் சொல்வதில் முதல் பாதி முழு உண்மை. போட்ட பணம் திரும்பாது. நம் பக்கத்தில் வீடு வாங்க வருகிறவர் மண்ணுக்குத்தான் விலை பேசுகிறார். ரோட்டு முகப்பு எத்தனை அடி, கார் உள்ளே வருமா, பட்டா யார் பேரில் இருக்கிறது, இவ்வளவுதான் கேட்பார். அப்புறம் அண்ணாந்து கூரையைப் பார்த்துவிட்டு, "கட்டையும் ஓடும் ஏதோ ஒரு விலைக்குப் போகும்" என்று இடிக்கிற கணக்கை நம் எதிரிலேயே போடுவார். கீழே நீங்கள் சிவப்புத் தரை போட்டிருந்தாலும் கிரானைட் போட்டிருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. மச்சான் சொல்லாமல் விட்டது என்னவென்றால், அவர் கட்டச் சொல்கிற கான்கிரீட் வீட்டுக்கும் பதினைந்து வருஷம் கழித்து இதே கதிதான். "பழைய பில்டிங் சார், மனை விலைக்குப் பார்க்கலாம்" என்பார்கள்.

அந்த இரண்டு மாடிக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மாடிக்கு 900 சதுர அடி என்றால் மொத்தம் 1,800. இன்றைய விலைவாசியில் சதுர அடிக்கு 2,000 ரூபாய்க்குக் கீழே நம்பிக்கையான வேலை கிடைப்பதில்லை. 36 லட்சம். கையில் இருப்பது பாதி. மீதி ஓய்வுக்குப் பிறகு கடன். உங்கள் ஊரில் ஒரு மாடிக்கு என்ன வாடகை தருகிறார்கள் என்று தெருவில் இரண்டு வீட்டில் விசாரியுங்கள். அந்த வாடகை கடனுக்கு வட்டி கட்டக்கூடக் காணாது.

இன்னொரு கணக்கு. 60 வயதில் போய் 75 வரை நன்றாக நடமாடிக்கொண்டு அங்கே இருக்கிறீர்கள் என்று வையுங்கள். 15 வருஷம், 5,475 நாள். 18 லட்சத்தை அதில் வகுத்தால் ஒரு நாளைக்கு 329 ரூபாய். இரண்டு பேர், அம்மாவோடு மூன்று பேர், தினமும் இருந்து எழுந்து நடமாடும் இடத்துக்கு அது ஒன்றும் ஊதாரித்தனம் இல்லை. விற்பனை விலை என்ற பேச்சை இதோடு விட்டுவிடலாம்.

விடுவதற்கு முன்னால் காகித விஷயம் ஒன்று. பணம் திரும்புமா என்பதைவிட இதுதான் நிஜமான ஆபத்து. அப்பா தன் பணத்தில் வாங்கிய வீடு, உயில் எழுதவில்லை என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சம பங்கு. உங்களுக்குத் தங்கை இருந்தால் அவருக்கும் சேர்த்துத்தான். பொதுச் சொத்தில் ஒருவர் மட்டும் பணத்தைக் கொட்டிவிட்டு, பத்து வருஷம் கழித்து "நான் போட்ட 18 லட்சம் என்னாயிற்று" என்று பஞ்சாயத்து வைத்த குடும்பங்களை எண்ணினால் இரண்டு கை விரல் போதாது. இப்போது எல்லோரும் சுமுகமாக இருக்கும்போதே பாகப்பிரிவினையோ, மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்.

மனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமா என்றும் பாருங்கள். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கமெல்லாம் அடிமனை கோயிலுடையது, மேலே உள்ள கட்டடம் மட்டும் நம்முடையது என்கிற வீடுகள் தெருத் தெருவாக இருக்கின்றன. 1961 பத்திரத்தில் "கட்டுக்கோப்பு மட்டும்" என்று இருந்தால் அதுதான் அர்த்தம். 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, ஆணையர் அனுமதி இல்லாமல் அந்த நிலத்தை விற்கவும் முடியாது, ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவும் முடியாது. அப்படிப்பட்ட மனையில் விற்பனை விலை என்கிற பேச்சுக்கே இடமில்லை. வாடகை பாக்கி இல்லாமல் பார்த்துக்கொண்டு, பெரிய வேலைக்கு எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். தாராசுரம் மாதிரி ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்குள்ள பெரிய கோயில் மாதிரி, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. 1992 ஜூன் 16-க்கு முன்பிருந்தே உள்ள வீட்டைப் பழுது பார்க்கலாம், ஆனால் அதற்கும் மனு போட வேண்டும். அடுத்த 200 மீட்டருக்கும் அனுமதி தேவை.

சரி, வீட்டுக்கு வருவோம்.

முதலில் உங்கள் வீட்டு வாசல்படியை எண்ணுங்கள். அப்பா வாங்கியபோது தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்றோ நாலோ படி இருந்திருக்கும். இப்போது ஒன்றா, அதுவும் இல்லையா? பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே சுற்றறிக்கை விட்டார். அதற்குள் நம் வீடுகளெல்லாம் பள்ளத்தில் இறங்கியாகிவிட்டது. ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் வாசல் நடையான ரேழிக்குள் வருகிறது என்றால், தரைக்கு ஆகிற முதல் செலவு தரையே இல்லை, வடிகால். கொல்லைப் பக்கம் சரிவு கிடைக்கிறதா, பக்கத்தில் வாய்க்காலோ குளமோ இருக்கிறதா என்று மட்டம் பார்த்துவிட்டுத்தான் மற்றது. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறவர்கள் வருவார்கள். சுவருக்கு அடியில் கம்பி கட்டிய பெல்ட் பீம் உள்ள கான்கிரீட் வீட்டுக்கு அது சரி. சுண்ணாம்புச் சாந்திலோ சேற்றுச் சாந்திலோ எழுப்பிய சுவருக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்.

அடுத்தது விரிசல். நம் மண் களிமண். பங்குனி சித்திரையில் வயல் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு அடியிலும் அதே மண்தான். கோடையில் சுருங்கும், மழையில் உப்பும். அதனால் சித்திரையில் விரல் நுழைகிற விரிசல் கார்த்திகையில் மூடிக்கொள்ளும். விரிசலைப் பார்த்ததும் சிமென்ட்டைத் திணிக்கிற கொத்தனாரைக் கொஞ்சம் நிறுத்துங்கள். விரிசலுக்குக் குறுக்கே கட்டைவிரல் அகலத்துக்குச் சாந்து பூசி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுங்கள். ஒரு மழையும் ஒரு கோடையும் பாருங்கள். சாந்து அப்படியே இருந்தால் அது செத்த விரிசல், அடைத்துவிடலாம். சாந்து வெடித்தால் உயிருள்ள விரிசல். காரணம் வெளியில் இருக்கும். சுவரை ஒட்டி நிற்கிற மரம், ஒழுகுகிற சாக்கடை, கூரைத் தண்ணீர் கொட்டி அஸ்திவாரத்தை நனைக்கிற ஒரு மூலை, இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். உங்களுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது. இந்த வேலைக்கு அதைவிட நல்ல வசதி வேறில்லை.

ஓதத்தை, அதாவது சுவரில் ஏறுகிற ஈரத்தை, பற்றி என் வாயால் சொல்வதைவிட என் வீட்டுச் சுவர் நன்றாகச் சொல்லும். திருவையாறு பக்கம் எங்கள் பூர்விக வீட்டில் 2003-இல் நானேதான் கூடத்துச் சுவரில் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒன்றுக்கு நாலு சிமென்ட் கலவையில் பூசி, மேலே எமல்ஷன் அடித்தேன். பொறியாளர் வீடு இல்லையா, பளபளப்பாக இருக்க வேண்டாமா! மூன்றாவது மழைக்காலத்தில் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பியது. விரலால் குத்தினால் உள்ளே இருந்து வெள்ளை உப்பு மாவு கொட்டியது. முன்பு முழங்கால் உயரத்தில் நின்ற ஓதம் இப்போது இடுப்புக்கு மேல் ஏறியிருந்தது.

நடந்தது இதுதான். மண்ணில் உள்ள ஈரம், உப்பையும் கரைத்துக்கொண்டு செங்கல் வழியாகத் திரி மாதிரி மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். ஏறிய இடத்திலேயே காய்ந்துவிடும். சிமென்ட்டும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் வழியை அடைத்துவிடுகின்றன. வழி அடைபட்டால் ஈரம், திறந்த இடம் கிடைக்கும் வரை மேலே போகிறது. அதனால் பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூச விடாதீர்கள். பூச்சை விரல் மொட்டியால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று கெட்டியாகக் கேட்டால் அதைத் தொட வேண்டாம். 'டொப்' என்று பொக்கையாகக் கேட்கிற இடத்தை மட்டும் கொத்தி, பத்து நாளாவது ஊறிய சுண்ணாம்பும் மணலும் சேர்த்துப் பூசச் சொல்லுங்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்க்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் அதிர்ஷ்டம். மேலே வெறும் சுண்ணாம்பு வெள்ளை. கையில் ஒட்டுகிறது என்பார்கள். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு தடவை அடித்துவிடுங்கள், அவ்வளவுதான்.

கூரை. உங்கள் 18 லட்சத்தில் பெரிய பங்கு இங்கேதான் போகும், போக வேண்டும். பிரித்து மேய வேண்டும். நாட்டு ஓட்டை இறக்கி, நல்லதைப் பொறுக்கி அடுக்கி, ஓட்டைத் தாங்குகிற கைமரத்தையும் சட்டத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். உத்திரமும் கைமரமும் சுவருக்குள் நுழைகிற முனைதான் முதலில் உளுத்துப்போகும். நடுவில் பார்த்தால் இரும்பு மாதிரி இருக்கும், முனையில் ஸ்குரூடிரைவர் கைப்பிடி வரை இறங்கும். கரையானும் அந்த வழியாகத்தான் வருகிறது. வைரம் பாய்ந்த பனங்கை (பனையில் அறுத்த கைமரம்) இருந்தால் மாற்றவே வேண்டாம். இன்று கடையில் கிடைக்கும் எந்த மரத்தைவிடவும் அது மேல்.

நாட்டு ஓட்டைச் சூளையில் போடுகிற குயவர் வீடுகள் குறைந்துவிட்டன. உடைந்த அளவுக்கு இடிக்கிற வீடுகளிலிருந்து வாங்கித்தான் ஈடுகட்ட வேண்டும். குரங்குத் தொல்லை உள்ள ஊர் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். கும்பகோணத்தில் நாட்டு ஓட்டை ஒழுங்காக மேய்ந்து இறங்கிய மறுநாளே ஒரு குரங்குக் கூட்டம் கபடி ஆடிவிட்டுப் போனதைப் பார்த்து நொந்திருக்கிறேன். அந்த மாதிரி இடத்தில் முற்றத்தைச் சுற்றி இறங்கும் சரிவில் மட்டும், கண்ணுக்குத் தெரிகிற அழகுக்காக, நாட்டு ஓட்டை வைத்துக்கொண்டு மற்றதற்கு ஆலையில் செய்த சீமை ஓடு போடச் சொல்வேன். தகர ஷீட் மட்டும் வேண்டாம். மத்தியானம் மூன்று மணிக்குச் சித்திரை வெயிலில் அதன் கீழே ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

முகட்டு வரிசையையும் இறவாரத்து ஓரத்தையும் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டச் சொல்லுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் ஓட்டு வீடுகளைப் போய்ப் பார்த்தேன். காற்று ஓரத்தில்தான் கை வைத்திருந்தது. ஓரத்து வரிசை கிளம்பிவிட்டால் மற்றது சீட்டுக்கட்டு மாதிரி போகிறது. இரண்டு சரிவு சந்திக்கிற மூலையில் தண்ணீர் ஓடுகிற தகர வாயை அகலமாக, இரண்டு பக்கமும் ஓட்டுக்கு அடியில் நன்றாக நுழையும்படி போடுங்கள். ஓட்டு வீட்டு ஒழுகல் பெரும்பாலும் அந்த மூலையில்தான். பின்கட்டு அறை மெட்ராஸ் ஒட்டாக (மரத்துக்கு மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்த தட்டைக் கூரை) இருந்தால், மேலே தண்ணீர் தங்குகிறது என்று இன்னொரு அடுக்கு கான்கிரீட் போட விடாதீர்கள். அந்தப் பாரத்தைக் கீழே உள்ள மரம் தாங்காது. மேலே பதித்த தட்டை ஓடான பழைய தட்டோட்டை எடுத்துவிட்டுச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துச் சரிவு கொடுத்து மறுபடி தட்டோடு பதிப்பதுதான் வழி.

இவ்வளவு முடிந்த பிறகுதான் உங்கள் மனைவியின் பட்டியல். வரிசை என்று நான் சொன்னது இதைத்தான்.

முற்றத்தை மூடாதீர்கள். ஊரில் உள்ள அத்தனை பேரும் மூடச் சொல்வார்கள். "மழை உள்ளே கொட்டுகிறது, தூசி, கொசு, திருடன்." ஒரு வீட்டில் அவர்கள் பிடிவாதத்துக்கு இணங்கி முற்றத்துக்கு மேல் பாலிகார்பனேட் ஷீட் போட்டுக் கொடுத்தேன். வெளிச்சம் வந்தது, காற்று போனது. கூடத்துச் சூடு மேலே எழும்பி முற்றம் வழியாக வெளியேறுவதால்தான் வாசல் வழியாகவும் கொல்லை வழியாகவும் காற்று உள்ளே இழுக்கிறது. மேலே மூடினால் வீடு இட்லிப் பானை. அடுத்த வைகாசியில் அவர்களே ஷீட்டைக் கழற்றச் சொன்னார்கள். திருடனுக்கும் குரங்குக்கும் இரும்புக் கம்பி போடுங்கள். கொசுவுக்கு முற்றத்தில் வலை கட்டுவதைவிடப் படுக்கையறைக் கதவு ஜன்னலுக்குக் கட்டுவது சுலபம். மழைத் தண்ணீருக்கு முற்றத்து மூலையில் தூம்பு இருக்கும்; அது அடைபட்டிருக்கும். தோண்டி, ஆறு அங்குலக் குழாய் போட்டு, மணலும் ஜல்லியும் போட்ட தொட்டி வழியாகக் கொல்லைக் கிணற்றில் விட்டால், 2003-இல் கட்டாயமாக்கிய மழைநீர்ச் சேகரிப்பும் அதிலேயே முடிந்தது. எந்த வாங்குகிறவருக்கும் முற்றம் வேண்டாம். 'வேஸ்ட் ஆன இடம்' என்பார். ஐப்பசி இரவில் நாலு சரிவிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் உட்காரப் போவது நீங்கள்தானே?

சிவப்புத் தரை. இதில் எனக்கு ஆசை அதிகம், அதனால் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணத்தைவிட இதற்கு ஆள்தான் முக்கியம். ஒரு கூடத்துக்கு மேல் பூச்சை ஆரம்பித்தால் அதே நாளில், ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். நேற்று பாதி இன்று பாதி என்றால் நடுவில் ஆயுசுக்கும் ஒரு கோடு. சிமென்ட்டும் சிவப்புத் தூளும் மொத்த அறைக்கும் சேர்த்து முதலிலேயே உலர்வாகக் கலந்து சலித்து வைத்துவிட வேண்டும். தனித்தனியாகக் கலந்தால் அறைக்குள் மூன்று சிவப்பு தெரியும்.

எங்கள் பக்கத்தில் இந்த வேலை செய்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். மதியம் பூசுவார், பூச்சு இறுகுகிற பதத்துக்காகக் காத்திருப்பார். விரல் நுனியால் அழுத்துவார். ரேகை பதிந்தால் இன்னும் இல்லை, பதியாமல் குளிர்ச்சி மட்டும் தெரிந்தால் எழுந்துவிடுவார். பலகை மேல் குந்திக்கொண்டு, கரண்டியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, ஒரே அழுத்தத்தில் அரை வட்டம் அரை வட்டமாக இழுத்துக்கொண்டே பின்னால் நகர்வார். ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பல்பு வெளிச்சத்தில் தரையில் அந்தப் பல்பே தெரிய ஆரம்பிக்கும். அப்புறம்தான் டீ. மறுநாளிலிருந்து பாத்தி கட்டி ஒரு வாரம் தண்ணீர் நிறுத்துவார். தண்ணீர் வடித்த பிறகு தேங்காய் எண்ணெய்த் துணி. அப்புறம் அந்தத் தரைக்கு மெருகு கொடுப்பது உங்கள் பாதம்தான், நடக்க நடக்க ஏறும். ஆசிட் கலந்த எந்தத் திரவமும் அதன் மேல் படக் கூடாது, இதை வேலைக்கு வருகிற அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நம் மண்ணில் சிவப்புத் தரை மயிரிழை விரிசல் விடும். பழைய தரையைத் தோண்டி, களியை எடுத்துவிட்டு மணல் நிரப்பித் தண்ணீர் விட்டு இடித்து, அதன் மேல் கான்கிரீட் போட்டு, அறையை நாலைந்து கட்டமாகப் பிரித்துப் போட்டால் குறையும். முழுதாக நிற்காது. அது உறுத்தும் என்றால் ஆத்தங்குடிக் கல் பதியுங்கள். காரைக்குடிப் பக்கம் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமென்ட்டை ஊற்றிக் கையால் செய்வது. சூளையில் வைப்பதில்லை, தண்ணீரில் ஊறியே இறுகுகிறது. அதுவும் நடக்க நடக்கப் பளபளக்கிற ஜாதிதான். கடைக்காரர் விட்ரிஃபைடு டைல்ஸ்தான் 'ரீசேல்'க்கு நல்லது என்று காட்டுவார். அதை வாங்கப் போகிறவரே போட்டுக்கொள்ளட்டும்.

ஊஞ்சலைப் பற்றி ஒன்றே ஒன்று. தொங்கவிடப் போகிற உத்திரத்தின் இரண்டு முனையையும் கூரை பிரிக்கும்போதே பார்த்துவிடுங்கள். இரண்டு பேர் உட்கார்ந்து ஆடும்போது விழுகிற இழுப்பு, சும்மா உட்காரும் பாரத்தைவிட அதிகம். சந்தேகமாக இருந்தால் ஓட்டுக்குக் கீழே, வெளியில் தெரியாமல் இரும்பு ஐ-பீம் ஒன்றைக் கொடுத்து, கொக்கியை அதில் மாட்டி உத்திரத்தின் பக்கத்தில் இறக்கிவிடலாம்.

அம்மாவை நீங்கள் கேள்வியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். ரசனைக்கான வீடு என்றால் முதல் ரசனை, ராத்திரி பயப்படாமல் கழிப்பறைக்குப் போய்வருவது. பழைய வீட்டில் அது கொல்லைக் கோடியில் இருக்கும். தாழ்வாரத்தை ஒட்டி, படி இல்லாமல், மூன்றடிக் கதவோடு, வழுக்காத சொரசொரப்புக் கல் பதித்து, சுவரில் பிடிகம்பியோடு ஒன்று கட்டுங்கள். பத்து வருஷத்தில் உங்களுக்கும் அது வேண்டும். செப்டிக் டேங்க்கில் கஞ்சத்தனம் வேண்டாம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரை மட்டத்துக்கே வந்துவிடுகிற ஊரில் உறிஞ்சுகுழி உறிஞ்சாது, எதிரே தள்ளும். நாலு பக்கமும் நீர் புகாமல் பூசிய தொட்டியைத் தரைக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் கட்டி, வெளியேறும் தண்ணீரைக் கிணற்றுக்கு எதிர்த்திசையில் மேடாக்கிய கல்வாழைப் பாத்தியில் விடுங்கள்.

ஒயரிங் முழுதும் புதிது, எர்த் புதிது, மின்கசிவு வந்ததும் மின்சாரத்தை நிறுத்துகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஓதச் சுவரில் பழைய ஒயர் இருக்கிற வீட்டில் இதைப் பற்றிப் பேச்சே கிடையாது. சமையலறையில் மேடையின் உயரத்தை மனைவியை நிற்கவைத்து அளந்து போடுங்கள். மற்றதை அவரிடம் விட்டுவிடுங்கள்.

18 லட்சத்தை நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன்: கூரைக்கும் மரத்துக்கும் 6, சுவர் ஓதம் வடிகாலுக்கு 3, குளியலறை கழிப்பறைக்கு இரண்டரை, ஒயரிங்குக்கு ஒன்றரை, தரைக்கு 2, சமையலறைக்கு 1. மீதி 2 லட்சத்தைத் தொடாமல் வையுங்கள். கூரையைப் பிரித்த பிறகு அது தானாகவே தன் வேலையைக் கண்டுபிடித்துக்கொள்ளும். வேலை நடுவில் யாராவது வந்து நிலைக்கதவுக்கும் தூணுக்கும் நல்ல விலை சொல்வார். கொடுக்காதீர்கள். அந்தக் கதவு காரைக்குடிப் பழம்பொருள் கடையில் சாய்ந்து நிற்கும்போது என்ன விலை என்று போய்க் கேட்டுப் பார்த்தவன் நான்.

காலம்: கூரையைத் தை அறுவடை முடிந்து மாசியில் பிரியுங்கள். அறுவடை நேரத்தில் ஆள் கிடைக்காது. வைகாசிக்குள் ஓடு மூடிவிட வேண்டும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் சித்தாள்கள் நடவுக்குப் போய்விடுவார்கள், ஆடியில் யாரும் புது வேலையைத் தொட மாட்டார்கள், அப்புறம் மழைதான். பூச்சையும் தரையையும் ஆவணி புரட்டாசியில் உள்ளே செய்துகொள்ளலாம். சுண்ணாம்புப் பூச்சை அக்கினி நட்சத்திரத்தில் செய்ய வேண்டாம், காய்ந்து வெடிக்கும்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு பென்சிலும் நோட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். விரிசல்களுக்குத் தேதி போடுங்கள். கூரை எங்கெங்கே ஒழுகுகிறது என்று பார்க்க ஏணி போட்டு ஏற வேண்டாம். மழை வந்தால் எந்த இடத்தில் எந்தப் பாத்திரத்தை வைப்பார் என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அண்டா வைக்கிற இடம் முதலில், டம்ளர் வைக்கிற இடம் கடைசியில்.